7 வாரம், 11 கிலோ

சித்தி மகள் நேற்று போன் பண்ணினாள். "அக்கா, நீங்க 7 வாரத்துல 11 கிலோ குறைச்சீங்கல்ல, எப்படின்னு சொல்லுங்களேன்." குறைத்தது உண்மைதான். அதற்குப் பிறகு நடந்ததை நான் யாரிடமும் சொன்னதில்லை.

முதல் வாரமே 3 கிலோ இறங்கியபோது சந்தோஷம் தாங்கவில்லை. அதில் பெரும்பகுதி தண்ணீர் என்பது அப்போது எனக்குத் தெரியாது. கல்லீரலிலும் தசையிலும் கிளைக்கோஜன் என்று சர்க்கரை இருப்பு இருக்கும். ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். பட்டினி கிடந்தால் முதலில் காலியாவது அதுதான். பழையபடி சாப்பிட்டால் சில நாளிலேயே திரும்பிவிடும்.

மூன்றாவது மாதம் முடி கொட்ட ஆரம்பித்தது. குளித்து முடித்துப் பார்த்தால் தண்ணீர் வடியாமல் கணுக்கால் வரை நிற்கும். குனிந்து, துவாரத்தில் அடைத்திருக்கும் முடியை விரலில் சுற்றி இழுப்பேன். இழுக்க இழுக்க வந்துகொண்டே இருக்கும். அப்போது ஒழுங்காகத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், அதனால் காரணமே புரியவில்லை. உடம்பு அதிர்ச்சியைத் தாங்கி, இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் முடியைக் கொட்டும் என்று டாக்டர் விளக்கினார்.

பிறகு ஒரு ராத்திரி வலது விலாவுக்குக் கீழே வலி. மூச்சு இழுக்க முடியவில்லை. ஸ்கேனில் பித்தப்பைக் கல். கொழுப்பு வேகமாகக் கரையும்போது கல்லீரல் பித்தநீரில் கொலஸ்ட்ராலை அதிகமாகத் தள்ளுகிறது. சாப்பாடு சரியாகப் போகாததால் பித்தப்பை சுருங்காமல் அப்படியே தேங்குகிறது. வாரத்துக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல் குறைப்பவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். என் கணக்கு அதைத் தாண்டித்தான் இருந்தது.

ஒன்றரை வருஷத்தில் 11 கிலோவும் திரும்பி வந்தது. மனக்கட்டுப்பாடு இல்லாதவள் என்று என்னையே திட்டிக்கொண்டேன். 2011-ல் ஆஸ்திரேலியாவில் 50 பேரை வைத்து நடந்த ஆய்வைப் பிறகுதான் படித்தேன்: 10 வாரக் கடும் டயட் முடிந்து ஒரு வருஷம் ஆன பிறகும் அவர்களுடைய பசி ஹார்மோன்கள் பழைய நிலைக்கு வரவில்லை. அன்றைக்குத்தான் என்னைத் திட்டுவதை நிறுத்தினேன்.

மெதுவாகக் குறைத்தால் திரும்பவே வராது என்றும் சொல்ல மாட்டேன். 2014-ல் மெல்போர்னில் 12 வாரத்தில் குறைத்தவர்களையும் 36 வாரத்தில் குறைத்தவர்களையும் ஒப்பிட்டார்கள். மூன்று வருஷத்தில் இரு தரப்புக்கும் குறைந்ததில் சுமார் 71 சதவீதம் திரும்பி வந்திருந்தது. சர்க்கரை நோயாளிகளுக்கு டாக்டர்களே வேகமாகக் குறைக்க வைப்பதும் உண்டு, ஆனால் ரத்தப் பரிசோதனையோடு, புரதத்தை அளந்து கொடுத்து, பிறகும் மாதக்கணக்கில் கூடவே இருந்து. நான் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு தனியாகச் செய்தேன்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, "இன்னைக்கு என்ன சாப்பிட்டே?" என்று கேட்டேன். பதில் இல்லை. "நேத்து ராத்திரியிலேர்ந்து தண்ணிதான்க்கா."

போனை வைக்க விடவில்லை. அவள் தட்டு எடுத்து உட்கார்ந்து சாப்பிட்டு முடிக்கும்வரை பேசிக்கொண்டே இருந்தேன்.