இடமாற்ற விண்ணப்பம் இன்னும் மேசையில்தான் இருக்கிறது

நானும் அவரும் ஆசிரியர்கள், லீவு என்றால் வீட்டில் இருக்கவே மாட்டோம். திருகோணமலையை விட்டு நுவரெலியாவுக்குப் போகலாமா என்று மூன்று வாரமாகப் பேசுகிறோம். 1,868 மீட்டர் உயரம், நடக்கத் தேயிலைப் பாதைகள், எட்டிப் போனால் ஹோர்ட்டன் சமவெளி, அதெல்லாம் சரி. ஆனால் பள்ளிக்கூடம் விட்டதும் உப்புவெளிக் கடலில் இறங்கி நீந்திவிட்டு, தலை காயமுன்னமே உட்கார்ந்து கொப்பி திருத்துகிற பின்னேரங்களை அங்கே எங்கே தேடுவது? மே முதல் செப்டெம்பர் வரை கடல் தெளிந்து கிடக்கும்போது புறாத்தீவில் பவளப்பாறை பார்த்து வருகிற காலைகளும்தான். கார்த்திகை, மார்கழியில் கடல் கொந்தளிக்கும், அப்போது மட்டும் மலை ஞாபகம் வரும். அவருக்கு மனம் பாதி போய்விட்டது, எனக்கு இல்லை. அங்கே மாறிப் போன ஆசிரியர்கள் இருந்தால், மழைக்காலமும் வாடகை வீடும் எப்படியென்று சொல்லுங்கள்.