எஸ்டிபிஎம் (மலேசிய ஆறாம் படிவத் தேர்வு) வேதியியல், மூன்றாம் தவணை: புரோட்டான் போன பிறகு மிஞ்சுவதைப் பாருங்கள்

முடிவு வந்துவிட்டது, வேதியியலில் ஏ. மனசு லேசாக இருக்கும்போதே எழுதிவிடுகிறேன். பினாங்கில் ஆறாம் படிவம் படிக்கும் தம்பி தங்கைகள் சிலர் கரிம வேதியியலை எப்படிச் சமாளிப்பது என்று கேட்டிருந்தார்கள்.

பெயரிடுதல், ஐசோமர் எல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள். எனக்குக் கைகொடுத்தது அமில வலிமைதான். எத்தனால், ஃபீனால், எத்தனாயிக் அமிலம் மூன்றையும் வரிசைப்படுத்தி விளக்கச் சொன்னால், "ஓ–எச் பிணைப்பு முனைவுற்றது, அதனால் அமிலம்" என்று எழுதி நிறுத்திவிடுகிறார்கள். முனைவு என்றால் பிணைப்பின் எலக்ட்ரான்கள் ஒரு பக்கமாக இழுபடுவது. மூன்றிலும் இருப்பது அதே ஓ–எச் தானே? ஆக்சிஜனின் எலக்ட்ரான் கவர்தன்மை 3.5, ஹைட்ரஜனுக்கு 2.1. இது எங்கும் மாறாது. ஆனால் அமில வலிமையைக் காட்டும் பிகேஏ (pKa) மதிப்புகள் முறையே சுமார் 16, 10, 4.76. ஓர் எண் குறைந்தால் வலிமை பத்து மடங்கு கூடும். எத்தனாலுக்கும் எத்தனாயிக் அமிலத்துக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

முனைவு மட்டுமே காரணம் என்றால் ஹைட்ரஜன் ஹாலைடுகளில் எச்எஃப் (ஹைட்ரஜன் ஃபுளோரைடு) தான் முதலில் நிற்க வேண்டும். நீரில் அது வலுக்குறைந்த அமிலம். எச்–எஃப் பிணைப்பை முறிக்க மோலுக்குச் சுமார் 567 கிலோஜூல் தேவை, எச்–ஐ (ஹைட்ரஜன் அயோடைடு) பிணைப்புக்கு 299 போதும். அதனால் எச்எஃப் புரோட்டானை எளிதில் விடுவதில்லை.

ஆகவே விடை எழுதும் முன், அமிலம் புரோட்டானை (H⁺) விட்டபின் மிஞ்சும் எதிர்மின் அயனியை வரையுங்கள். அதில் மின்சுமை எவ்வளவு பரவுகிறதோ அவ்வளவு அது நிலையானது, அமிலமும் வலியது. எத்தாக்சைடில் (எத்தனாலின் அயனி) மின்சுமை ஒரே ஆக்சிஜனில் தேங்குகிறது, எத்தில் தொகுதி இன்னும் எலக்ட்ரானைத் தள்ளுகிறது. ஃபீனாக்சைடில் சுமை வளையத்துக்குள் பரவுகிறது. எத்தனோயேட்டில் இரண்டு ஆக்சிஜனும் சமமாகப் பங்கிட்டுக்கொள்கின்றன. அதனால்தான் அதன் இரு சி–ஓ பிணைப்புகளும் ஒரே நீளம். இந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள்.

முனைவுக்கு வேலையே இல்லை என்று நினைக்க வேண்டாம். பியூட்டனாயிக் அமிலத்தின் பிகேஏ 4.82. குளோரினை நான்காம் கார்பனில் வைத்தால் 4.52, மூன்றாவதில் 4.05, இரண்டாவதில் 2.86. அமிலத் தொகுதிக்குக் கிட்டே வர வர குளோரின் எலக்ட்ரானை இழுத்து அயனியை நிலைப்படுத்துகிறது. எவ்வளவு அழகான வரிசை! நான் போன டியூஷனில் இதை வெறும் பட்டியலாக மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். காசு கொடுத்துப் போன இடத்தில் காரணம் சொல்லித்தரவில்லையே என்ற கோபம் எனக்கு இன்னும் உண்டு.

சுருக்கமாக:

- சோடியம்: மூன்றும் ஹைட்ரஜன் தரும்.
- சோடியம் ஹைட்ராக்சைடு: ஃபீனால் கரையும், எத்தனால் வினைபுரிவதாக எழுதாதீர்கள்.
- சோடியம் கார்பனேட்: குமிழி எத்தனாயிக் அமிலத்தில் மட்டும். கார்பானிக் அமிலத்தின் பிகேஏ 6.35, எத்தனாயிக் அமிலத்துக்கும் ஃபீனாலுக்கும் நடுவில் நிற்பதே காரணம்.
- அமீன் (நைட்ரஜன் உள்ள கரிமக் காரம்): நைட்ரஜனின் தனித்த எலக்ட்ரான் இணை எங்கே போகிறது என்று கேளுங்கள். ஃபீனைலமீனில் அது வளையத்துக்குள் போவதால் அமோனியாவைவிட வலுக்குறைந்த காரம். எத்திலமீன் அமோனியாவைவிட வலியது.
- கார்பன் டெட்ராகுளோரைடு: பிணைப்புகள் முனைவுற்றவை, ஆனால் இழுப்புகள் ஒன்றையொன்று சமன்செய்வதால் மூலக்கூறு அப்படியல்ல.

நான் வாய்விட்டுச் சொல்லிப் படிக்கிற ஆள். நூலகம் ஒத்துவரவில்லை, ஆயர் ஈத்தாமில் எங்கள் அடுக்குமாடி நடைபாதையில் நடந்தபடி ஒவ்வொரு அயனிக்கும் காரணம் சொல்லிப் பார்ப்பேன். குழுவாகப் படித்தால் பேச்சு வேறெங்கோ போய்விடும், தனியாகப் படியுங்கள்.

அப்புறம், சி பிரிவில் அமில வலிமைக் கேள்வி வந்தால் அதையே முதலில் எடுங்கள். மலாயில் விடை எழுதுகிறவர்கள் அயனியைப் பற்றிச் சொல்லும் இடத்தில் "பெஸ் கொன்ஜுகாட்" (இணைக் காரம், அதாவது புரோட்டான் போனபின் மிஞ்சும் அயனி) என்று தெளிவாகக் குறிப்பிடுங்கள். படம் மட்டும் வரைந்து விட்டுவிடாதீர்கள்.