டெஸ்லாவில் சாவிக் கீறல்: போலீஸ், இன்சூரன்ஸ், பெயிண்ட் என்று நான் அலைந்தது

2025 ஏப்ரல் முதல் வாரம், கலிபோர்னியாவில் எங்கள் ஊரான ஃப்ரீமான்ட்டில் ஒரு பலசரக்குக் கடைக்குப் போய்விட்டு ஒரு கேலன் பாலோடு திரும்பி வந்தால், டிரைவர் பக்கம் முன் மட்கார்டில் தொடங்கி பின் கதவு வரை ஒரு கோடு. கைப்பிடி இருந்த இடத்தில் மட்டும் விட்டுப்போய், தாண்டியதும் மறுபடி ஆரம்பித்திருந்தது. நகத்தால் தடவினேன், நகம் மாட்டியது. அப்படி மாட்டினால் பாலிஷ் போட்டுப் போகாது, பெயிண்ட்தான்.

ஜனவரியில் டெஸ்லா தலைவர் மஸ்க், டிரம்ப் அரசின் செலவுக் குறைப்புக் குழுவான டோஜில் உட்கார்ந்ததிலிருந்தே டெஸ்லா மேல் கோபம் ஏறிக்கொண்டிருந்தது. மார்ச் 18 அன்று லாஸ் வேகஸில் சர்வீஸ் சென்டரில் நின்ற வண்டிகளைக் கொளுத்தினார்கள், மார்ச் 29 அன்று ஊர் ஊராக ஷோரூம் வாசலில் ஆர்ப்பாட்டம். டெஸ்லா ஃபேக்டரியே இருக்கும் ஊர் எங்களுடையது, தெருவுக்கு நாலு டெஸ்லா நிற்கும்போது நம் வண்டியை யார் தேடப்போகிறார்கள் என்று இருந்துவிட்டேன். 'இந்த ஆளுக்குப் பைத்தியம் பிடிக்கும் முன்பே வாங்கியது' என்கிற மாதிரி ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லி மனைவி ஒரு மாதமாக நச்சரித்தாள். 2021-ல் வாங்கிய வண்டிக்கு நான் எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஒட்டவில்லை.

நிறுத்திய வண்டியைச் சுற்றி நடப்பதைக் கேமராவில் பதியும் சென்ட்ரி மோட் ஓடிக்கொண்டிருந்ததால் வீடியோ இருந்தது. யாருக்காவது இப்படி நடந்தால் முதல் வேலையாக க்ளவ் பாக்ஸில் இருக்கும் பென் டிரைவை எடுத்து லேப்டாப்பில் காப்பி செய்துவிடுங்கள். கேமராவுக்கு ஒன்று, நிமிடத்துக்கு ஒன்று என்று ஃபைல்கள் குவிந்து கிடக்கும், பொறுமையாகத் தேட வேண்டும். எனக்குக் கிடைத்தது மட்கார்டு கேமராவில். அறுபது வயது மதிக்கத்தக்க அம்மா, தோளில் துணிப்பை, பையில் கீரைக்கட்டு. சாவிக்கொத்தில் தொங்கிய நூல் பொம்மைகூடத் தெரிந்தது. யாரோ முகமூடிப் பையன் என்று நினைத்துத்தான் பார்க்க உட்கார்ந்தேன். பின் கேமராவில் அவர் வண்டி எண்ணும் இருந்தது.

போலீஸுக்கு ஆன்லைனில் புகார் கொடுக்கலாம் என்று போனால், ஆள் யாரென்று அடையாளம் தெரியுமா என்ற கேள்விக்கு ஆமாம் போட்டதும் ஃபார்ம் அதோடு நின்றுவிட்டது. அவசரமில்லாத புகாருக்கான நம்பரைக் கூப்பிட்டு, ரிப்போர்ட் எண் கைக்கு வர நாலு நாள். வழக்குப் போட விருப்பமா என்று அதிகாரி கேட்டார். கலிபோர்னியாவில் சேதம் 400 டாலரைத் தொட்டாலே பெரிய குற்றமாகப் பதிய வழியுண்டு, அந்தச் சமயம் வாஷிங்டனில் டெஸ்லா மேல் கை வைப்பதையெல்லாம் உள்நாட்டுப் பயங்கரவாதம் என்று வேறு பேசிக்கொண்டிருந்தார்கள். நான் எச்1பி விசாவில் இருக்கிற ஆள். கோர்ட் வாசலில் போய் நிற்கணுமா என்று மனைவி கேட்டாள். மஸ்க் மேல் அந்த அம்மாவுக்கு இருக்கிற கோபத்தில் பாதி எனக்கும் உண்டு, ஆனால் கீறியது என் கதவை. அதிகாரியிடம் ஆமாம் என்றேன். தண்டனை முடிவானால் இன்சூரன்ஸ் கொடுப்பது போக நான் கையிலிருந்து கட்டும் பங்கை, அதாவது டிடக்டிபிளை, திருப்பித்தரச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிடலாம் என்றார்கள். இதுவரை கடிதம் ஒன்றும் வரவில்லை.

இன்சூரன்ஸில் போனை எடுத்தவர் கொலிஷன், அதாவது மோதல் விபத்து, என்று பதிந்துவிட்டார். அதில் எனக்கு டிடக்டிபிள் 1,000 டாலர். யாரோ வேண்டுமென்றே செய்த சேதம், மோதல் அல்லாத சேதங்களுக்கான காம்ப்ரிஹென்சிவில் வரும், அதில் 500தான். இரண்டு தடவை கூப்பிட்டுத்தான் மாற்ற முடிந்தது. பாடி ஷாப்பில் முதலில் 2,300 என்றார்கள். அப்புறம், நிறம் ஒத்துப்போகப் பக்கத்துப் பாகத்துக்கும் பெயிண்டை இழுத்துவிட வேண்டும் என்று 3,400 ஆனது. அதுவும் க்ளெய்மிலேயே போய்விட்டது. பதினோரு நாள் வாடகைக்கு ஒரு பெட்ரோல் கார். நாலு வருஷம் கழித்து பங்க்கில் போய் நின்று, டேங்க் எந்தப் பக்கம் என்று இறங்கிச் சுற்றிப் பார்த்தேன்.

வண்டி வந்துவிட்டது. மனைவி என்னைக் கேட்காமலே அந்த ஸ்டிக்கரை வாங்கியும் வைத்துவிட்டாள், க்ளவ் பாக்ஸில் பென் டிரைவுக்குப் பக்கத்தில் கிடக்கிறது.