கள்ளக் கிழவி

சன் டிவியில் ‘தென்றல்’ ஓடிய காலத்தில், எஸ்.என்.லட்சுமி திரையில் தலையைக் காட்டினால் போதும். எங்கள் அப்பத்தா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, “வந்துட்டாடா கள்ளக் கிழவி” என்பாள்.

‘மைக்கேல் மதன காமராஜன்’ செய்த வேலை அது. 1990-ல் வந்த படம். அதில் ஊர்வசியின் பாட்டியாக, கையில் அகப்பட்டதையெல்லாம் சுருட்டும் கிழவி. திருடிவிட்டு முகத்தை எப்படி வைத்துக்கொள்வார் என்று கவனித்திருக்கிறீர்களா? ஒன்றுமே நடக்காதது போல இருப்பார். அந்தப் படத்தில் கமல் நான்கு பேராக வந்து அமர்க்களம் செய்கிறார், அதற்கு நடுவிலும் இந்தக் கிழவி மனதில் நின்றுவிட்டார்.

படம் முழுக்க அவர் பேசுவது அக்ரஹாரத்துத் தமிழ். ஆனால் ஆள் எங்கள் பக்கம். விருதுநகரை ஒட்டிய சென்னல்குடி, பெயருக்கு முன்னால் நிற்கும் எஸ் அந்த ஊர்தான். நாராயணத் தேவர் வீட்டில் பதிமூன்றாவது பிள்ளை. “நம்ம ஊருக்காரி அப்பத்தா” என்று எத்தனை முறை சொல்லியும் எங்கள் அப்பத்தா நம்பவில்லை. “போடா, அவ அய்யர் வீட்டு அம்மா.” இதைவிடப் பெரிய பாராட்டு ஒரு நடிகைக்கு வேண்டுமா?

நாக்கு அப்படி வளைந்ததற்கு நாடகம்தான் காரணம் என்று நினைக்கிறேன். கலைவாணரின் குழு, அப்புறம் எஸ்.வி.சகஸ்ரநாமத்தின் சேவா ஸ்டேஜ். தி.ஜானகிராமனும் பி.எஸ்.ராமையாவும் நாடகம் எழுதிக் கொடுத்த குழு அது. அங்கே வசனத்தை மென்று முழுங்கிவிட்டுத் தப்பிக்க முடியாது.

சினிமாவில் ஆரம்பம் கூட்டத்தில் ஒருத்தியாகத்தான். 1948-ல் வந்த ‘சந்திரலேகா’வின் அந்தப் பிரம்மாண்டமான முரசு நடனத்தில் அவரும் ஆடியிருக்கிறார். ‘பாக்தாத் திருட’னில் சிறுத்தையோடு சண்டை போட்டவரும் இவர்தான். எனக்கு இது வெகுநாள் கழித்துத்தான் தெரியும். முட்டியைப் பிடித்துக்கொண்டு நடக்கும் பாட்டியாகவே பார்த்துப் பழகியவனுக்குச் சிறுத்தை என்றால் கொஞ்சம் தூக்கிவாரிப் போடத்தான் செய்யும்.

1964-ல் ‘சர்வர் சுந்தரம்’. நாகேஷுக்கு அம்மா. மகன் பெரிய நடிகனாகி, படப்பிடிப்பில் மாட்டிக்கொண்டு, கடைசி நேரத்தில் அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் போகும் கதை. நாகேஷ் பிறந்தது 1933-ல், இவர் 1927-ல். ஆறு வயது வித்தியாசத்தில் அம்மா! அன்றைக்கு நரைத்த தலை அதற்கப்புறம் கறுக்கவேயில்லை. அக்காவாக நடித்திருக்க வேண்டிய வயது முழுவதும் அம்மாவாகக் கழிந்து, அம்மா வயது வருவதற்குள் பாட்டியாகிவிட்டார். நம் சினிமாவின் கணக்கு அப்படி. எனக்கு அதில் கோபம் உண்டு. ஆனால் அதே கணக்குதான் அவருக்குக் கடைசி வரை சோறு போட்டது என்பதையும் சொல்ல வேண்டும்.

‘மகாநதி’யில் கமலுக்கு மாமியார். சிரிப்புக்கு இடமே இல்லாத படம். அவருடைய வைத்தியச் செலவுக்காகப் பேத்தி படியேறப் போய்த்தான் அந்தக் குடும்பத்தின் மிகப்பெரிய கொடுமையே நடக்கிறது. என்னால் இரண்டாம் முறை பார்க்க முடியவில்லை. ‘விருமாண்டி’யில் பேரனைத் தனியாக விட்டுவிட்டுச் செத்துப்போகும் கிழவி. அந்தப் படத்தைப் பார்த்தபோதுதான் அப்பத்தா முதல்முறையாகச் சந்தேகப்பட்டாள். “பேச்சு நம்ம பக்கத்துப் பேச்சா இருக்கே?”

இத்தனை பேருக்கு அம்மாவாகவும் பாட்டியாகவும் இருந்தவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 2012 பிப்ரவரி 20 அன்று, 85 வயதில் இறந்தார். கிட்டத்தட்ட கடைசி வரை சீரியலில் நடித்துக்கொண்டிருந்தார்.

‘தென்றல்’ பாட்டி நல்ல பாட்டி. பேத்தி துளசி மேல் உயிரையே வைத்திருப்பார். ஒருநாள், அந்தப் பாட்டி அழும் காட்சியில் என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அப்பத்தா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“அழுவா அழுவா. வீட்டுல சாமானெல்லாம் சரியா இருக்கான்னு பாத்துக்கச் சொல்லு அந்தப் புள்ளைய.”