டோக்கன் அழுத்தும் முன் ஒரு மூச்சு

2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது அடுப்படியில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். நான் வங்கியில் கேஷியர். பத்தாம் தேதி கிளையைத் திறந்தபோது வரிசை தெருமுனையைத் தாண்டியிருந்தது. டிசம்பர் 30 வரை அதே ஓட்டம்தான். கவுண்டருக்கு வெளியே ஒரு முகம் தெரிந்தாலே தோளை இறுக்கிக்கொள்ளவும் பல்லைக் கடிக்கவும் அந்த நாட்களில் என் உடம்பு பழகிவிட்டது. கூட்டம் குறைந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

சில வருடங்கள் கழித்து ஒரு நாள் மாலை, கணக்கையும் கையிலிருக்கும் பணத்தையும் ஒத்துப்பார்க்கும் டேலியில் பத்தாயிரம் ரூபாய் குறைந்தது. மூன்று முறை எண்ணியும் கிடைக்கவில்லை, என் கையிலிருந்துதான் கட்டினேன். பணம் போனதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். ஆனால் தினமும் விடிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வந்து, படுத்தபடியே மனசுக்குள் கட்டு கட்டாக எண்ண ஆரம்பித்துவிடுவேன். பிபி 150-ஐத் தொட்டது. டாக்டர் மாத்திரை எழுதினார்.

பிசியோதெரபி படிக்கும் என் மகள்தான் ஜான் கபாட்-ஜின் பற்றிச் சொன்னாள். 1979-இல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில், நாள்பட்ட வலியோடு இருந்தவர்களுக்காக எட்டு வாரத் தியானப் பயிற்சி ஒன்றைத் தொடங்கியவர். ஒரே ஒரு உலர்திராட்சையைக் கையில் வைத்துப் பார்த்து, முகர்ந்து, மெதுவாக மென்று சாப்பிடுவதும் அதில் உண்டு. "மனசை வெறுமையாக்க வேண்டாம்மா, அது ஓடிப்போனதைக் கவனிச்சு திரும்பக் கூட்டிட்டு வந்தா போதும்" என்றாள். இதை யாராவது எனக்கு முன்பே சொல்லியிருக்கலாம். மனசு ஓடும்போதெல்லாம் தியானம் எனக்கு வராது என்றே பல வருடம் நினைத்திருந்தேன்.

அவள் இன்னொன்றும் காட்டினாள். மணிக்கட்டில் விரலை வைத்துக்கொண்டு மூச்சை மிக மெதுவாக வெளியே விடச் சொன்னாள். நாடி கொஞ்சம் தளர்வதை விரலிலேயே உணர்ந்தேன். மூச்சை வெளியே விடும்போது வேகஸ் நரம்பு இதயத்தை நிதானப்படுத்துகிறதாம். அந்த ஒரு நிமிடத்தில் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

தனியாக அரைமணி நேரம் உட்கார என் வீட்டில் வழியில்லை. அதனால் இதைக் கவுண்டரிலேயே வைத்துக்கொண்டேன். ஒருவர் நகர்ந்ததும், அடுத்த டோக்கனை அழுத்துவதற்கு முன்னால் ஒரு நீண்ட மூச்சு வெளியே. பாதம் தரையில் இருப்பதைக் கவனிப்பேன், தோளை இறக்குவேன், அப்புறம் பட்டனை அழுத்துவேன். நான்கைந்து வினாடிகூட ஆகாது. முதல் வாரம் பத்துக்கு எட்டு முறை மறந்தேன், அதனால் டோக்கன் பட்டன் மேல் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிவைத்தேன். ஒரு நாளைக்கு நூறு பேர் வந்தால் நூறு முறை பழகலாம், வேறு எங்கே இது கிடைக்கும்? இரண்டு மாதம் போனதும், கை பட்டனுக்குப் போகும்போதே தோள் தானாக இறங்கத் தொடங்கியது.

காலையில் கோலத்துக்குப் புள்ளி வைக்கும்போது போன் உள்ளேயே இருக்கும். இரவு விழிப்பு வந்தால் நோட்டை எண்ணாமல் மூச்சை எண்ணுகிறேன். தூக்கம் சில நாள் வரும், சில நாள் வராது. பிபி மாத்திரையை நிறுத்தவில்லை. கிளையில் ஆள் பற்றாக்குறையும் அப்படியேதான் இருக்கிறது. அதற்கு ஆள் போடத்தான் வேண்டும், மூச்சுப் பயிற்சி பதிலாகாது.

இந்த மாதம் ஒன்றாம் தேதி, பென்ஷன் கூட்டத்தில் ஒரு பெரியவரின் கையெழுத்து ஒத்துவரவில்லை. முன்பென்றால் செலானைத் திருப்பித் தள்ளி "வேற போட்டுட்டு வாங்க" என்று சொல்லியிருப்பேன். மூச்சை விட்டு நிமிர்ந்தபோதுதான் அவர் விரல்கள் நடுங்குவது கண்ணில் பட்டது. "உள்ளே வந்து உட்காருங்க ஐயா, மெதுவாப் போடலாம்" என்றேன். நாற்காலியில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, மூன்றாவது முறை சரியாகப் போட்டார்.