கோர் த கார்த் முருகனுக்கு என் மகன் எடுத்த பால்காவடி

2025 பிப்ரவரி 11. தைப்பூசம், அதுவும் முருகனுக்கு உகந்த செவ்வாய்க்கிழமையில் வந்து வாய்த்தது. அன்றுதான் என் மகன் தன் தோளில் பால்காவடி சுமந்து மொரீஷியஸின் கோர் த கார்த் மலையேறி எங்கள் குடும்பத்து நேர்த்திக்கடனைச் செலுத்தினான். அவன் கைக்குழந்தையாக இருந்தபோது சொன்ன சொல். அது நிறைவேறிய சந்தோஷத்தில் எதை முதலில் எழுதுவது, எதைப் பின்னால் எழுதுவது என்றே எனக்குத் தெரியவில்லை.

நான் காரைக்காலில் பிறந்து மொரீஷியஸுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். எங்கள் வீடு தீவின் நடுமேட்டில், வாக்வாவில் இருக்கிறது. பருவங்கள் இங்கே நம் ஊருக்கு நேர்மாறு. ஆடியில் ஊரில் அம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது நாங்கள் கம்பளிச் சட்டைக்குள் ஒடுங்கியிருப்போம். தையில் வெயில் கொளுத்தும், இடையில் புயல் வரும். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை மேட்டு ஊர்களில் சாரலும் குளிரும் விடாது. சுவரில் பூஞ்சை படரும், கொடியில் போட்ட துணி காயாது. பிள்ளை பிறந்த பிறகுதான் அந்தக் குளிரின் குணம் எனக்குத் தெரிந்தது.

அவன் தவழ்ந்துகொண்டிருந்த வயது. ஓர் ஆகஸ்ட் இரவில் இழுப்பு கண்டது. நெஞ்சுக்கூடு உள்ளே போய்ப் போய் வந்தது. உதடு கறுத்துவிட்டது. அவர் காரை எடுக்க ஓடினார், நான் பிள்ளையை வாரிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். என் மாமியார் பூசை அறையிலிருந்து வந்தார். அத்தைக்குப் பேச்சுமொழி கிரியோல், சாமியிடம் மட்டும் தமிழ். மஞ்சள் துணியில் ஒரு ரூபாய்க் காசை முடிந்து பிள்ளையின் தலையைச் சுற்றி, "கோர் த கார்த் முருகா, இவனை எனக்குத் திருப்பிக் கொடு. இவன் தோளில் காவடி ஏற்றி உன் மலைக்கு அனுப்புகிறேன்" என்றார். ஆஸ்பத்திரியில் விடியும் நேரத்துக்குப் பிள்ளை சீராக மூச்சு விட்டான். அந்தக் காசு அன்று முதல் எங்கள் பூசை அறையில் வேலின் அடியிலேயே இருந்தது.

பிறகு வந்த குளிர்காலங்கள் எல்லாம் நெபுலைசர் சத்தத்தோடுதான் கழிந்தன. பிள்ளை வளர்ப்பைப் பற்றி அறிவுரை சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு அந்தப் புகைமூடியைப் பிள்ளையின் முகத்தில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தாய்க்கு முருகனைத் தவிர யார் இருக்கிறார்கள்? அத்தை பக்கத்தில் உட்கார்ந்து, எங்கள் ரூபாய் நோட்டுகளில் அச்சடித்திருக்கும் தமிழ் எண்களை அவனுக்குக் காட்டிக் காட்டி விளையாட்டுப் போல் கற்றுக்கொடுப்பார். மூச்சு இரைத்துக்கொண்டே அவன் ௨, ௫ என்று விரலால் எழுதுவான். அப்படிக் கற்ற தமிழ் அது.

அப்புறம் படிப்பு வந்தது. இந்தத் தீவில் ஆறாம் வகுப்பு முடிவில் வரும் பி.எஸ்.ஏ.சி. தேர்வு பிள்ளைகளைவிடப் பெற்றோரைத்தான் அதிகம் வாட்டும். பள்ளி விட்டால் டியூஷன், டியூஷன் விட்டால் வீட்டுப்பாடம். அதையும் தாண்டினான். தாண்டியதும் வேறொரு பருவம். குரல் உடைந்தது, அறைக்கதவு சாத்தியது, கேட்ட கேள்விக்கு ஒரு சொல்லில் பதில். இருமுகிறானா என்று நான் எட்டிப் பார்த்தால் முகம் சுளிப்பான். மருந்துக்கு மடங்காத குளிர்காலம் இது என்று எனக்குத் தோன்றியது.

2024 தைப்பூசத்துக்கே காவடி எடுப்பதாக இருந்தோம். அந்த ஜனவரி 15ஆம் தேதி பெலால் புயல் வந்தது. போர்ட் லூயிஸ் தெருக்களில் வெள்ளம் கார்களை அடித்துக்கொண்டு போனது. அங்கே வேலைக்குப் போயிருந்த என் கணவர் அலுவலக மாடியிலேயே சிக்கிக்கொண்டார். போனும் அணைந்துவிட்டது. மறுநாள் சேறு அப்பிய கால்சட்டையோடு அவர் வாசலில் வந்து நிற்கும்வரை பிள்ளைகள் இருவரும் ஜன்னலை விட்டு நகரவில்லை. வீட்டுக் கூரையின் ஒரு பக்கம் ஒழுகி மெத்தை எல்லாம் நனைந்து, அந்த ஈரத்தில் பெரியவனுக்கு மறுபடியும் இழுப்பு. ஜனவரி 25 பூசத்தன்று அவன் படுக்கையில் கிடந்தான். அத்தை அன்று யாரிடமும் பேசவில்லை.

இந்த முறை கொடியேற்றத்துக்கு முன்பே என் கணவர், "நானே அவனுக்குப் பதிலாக எடுத்துவிடுகிறேன், அம்மா. வேண்டுதல் வேண்டுதல்தானே" என்று அத்தையிடம் சொன்னார். அத்தை பதில் சொல்வதற்குள் அறைக்கதவு திறந்தது. "பாட்டி என் தோள் என்றுதானே சொன்னார்கள்?" என்றான். அவ்வளவுதான். பேச்சு முடிந்தது.

பத்து நாள் விரதம். மீன், முட்டை, இறைச்சி எதுவும் இல்லை, தரையில் பாய், இரு வேளை குளியல். பள்ளியில் கூடப் படிக்கும் பிள்ளைகள் சாப்பிடுவதை எல்லாம் பார்த்துக்கொண்டு, நான் கட்டிக்கொடுத்த சோற்றை அவன் சாப்பிட்டுவிட்டு வந்தான். கைப்பேசியை அவனாகவே அப்பாவின் அலமாரியில் வைத்துவிட்டான். நான் சொல்லவில்லை. அலகு குத்தாமல் என்ன காவடி என்று உறவில் ஒருவர் கிளப்பினார். எனக்கு வயிறு கலங்கியது. குருசாமிதான், "பாட்டி வேண்டிக்கொண்டது பால்காவடி. அதை ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்க்கட்டும்" என்று முடித்துவைத்தார். அலகை அப்பா குத்திக்கொண்டார், பிள்ளை பாலைச் சுமந்தான்.

முதல் நாள் மாலை அப்பாவும் மகனும் காவடி கட்டினார்கள். தென்னங்குருத்து, சாமந்தி, மயிற்பீலி, எலுமிச்சம்பழம். பூ விற்றவர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். தைப்பூசம் வந்தாலே சாமந்தி விலையைத் தொட முடியவில்லை. முருகனுக்கு என்று கேட்டு வருபவர்களிடம் இப்படியா? சின்னவள் எங்கள் வேலியோரத்துச் செம்பருத்தியைப் பறித்து வந்து அண்ணன் காவடியின் நடுவில் சொருகினாள். எனக்கு அதுதான் அழகாகப் பட்டது.

கோர் த கார்த் மலை சுமார் 720 மீட்டர் உயரம். காத்ர் போர்ன் ஊருக்குப் பக்கத்தில், அதன் சரிவில்தான் முருகன் கோயில். அன்று தீவு முழுவதும் அரசு விடுமுறை என்பதால் பாதி ஜனம் அங்கேதான் இருந்தது போலிருந்தது. காரை நிறுத்த இடமில்லை. வீட்டு முற்றத்தில் நிறுத்தக் காசு கேட்டவர்கள், பலூன்காரர்கள், இரண்டு ஒலிபெருக்கிகளில் இரண்டு பாட்டு. எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். அலகு குத்தும் இடத்தில் முகத்துக்கு நேரே கைப்பேசியை நீட்டிப் படம் எடுத்தவர்களை மட்டும் பொறுக்க முடியவில்லை. கண்ணை மூடி முருகனை நினைக்கிற மனிதரின் நாக்கில் வேல் ஏறும்போது அங்கே கும்பிடத்தானே கை வர வேண்டும்?

மேளம் முழங்கியது. "வேல் வேல்" என்றதும் காவடி அவன் தோளுக்கு ஏறியது. ரோஜாநிற வேட்டி, திருநீறு பூசிய ஒல்லி மார்பு. நான் இடுப்பில் இன்ஹேலரைச் சொருகிக்கொண்டு பக்கத்திலேயே நடந்தேன். தார்ச் சாலை கொதித்தது. வீட்டு வாசல்களில் நின்றவர்கள் வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்கள். அவர்களில் தமிழர் அல்லாதவர்களும் நிறையப் பேர். ஒரு கிரியோல் அம்மாள், கழுத்தில் சிலுவை போட்டிருந்தார், குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு பிள்ளையின் பாதத்திலேயே தண்ணீர் விட்டு, "குராஜ், மோ கார்சோன்" என்றார். தைரியமாக இரு மகனே என்று அர்த்தம். அந்தத் தாய் நன்றாக இருக்க வேண்டும்.

ஏற்றம் தொடங்கும் இடத்தில் அவன் நடை தளர்ந்தது. எனக்கு அந்தச் சத்தம் தெரியும். உறக்கத்தில்கூடத் தெரியும். மூச்சு வெளியே போகும்போது மெல்லிய விசில். காவடியைக் கீழே வைக்கக் கூடாது. பால் செம்பு தளும்பக் கூடாது. அப்பா நாக்கில் வேலோடு இருக்கிறார், பேச முடியாது. நான் இன்ஹேலரை எடுத்த கையோடு, யாராவது தெய்வக்குற்றம் என்று சொல்லிவிடுவார்களோ என்று ஒரு கணம் நின்றேன். அதற்குள் குருசாமி வந்து காவடியின் வளைவை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தார். அப்பா மறுபக்கம் பிடித்தார். தோளை விட்டு எடுக்கவில்லை, பாரத்தை மட்டும் தாங்கிக்கொண்டார்கள். பையன் என் கையிலிருந்து மருந்தை வாங்கி, தானே இழுத்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றான். பின்னால் வந்த காவடிகள் எல்லாம் நின்றன. ஒருவர்கூட அவசரப்படுத்தவில்லை. "அரோகரா" என்று யாரோ மெல்லச் சொன்னார்கள். அவன் தலையை ஆட்டினான். கைகள் விலகின. நடந்தான். நான் அழுதுகொண்டே படியேறினேன்.

மேலே போனதும் எனக்குப் பெரிய ஏமாற்றம் காத்திருந்தது. காவடிக்காரர்களுக்கு ஒரு வரிசை, குடும்பத்தினருக்கு வேறு வரிசை. கயிறு கட்டியிருந்தார்கள். தொண்டர் ஒருவர் என்னைத் தடுத்துவிட்டார். என் பிள்ளைக்கு மூச்சு சரியில்லை என்று எவ்வளவு சொல்லியும் விடவில்லை. இந்தப் பாலை முருகன் தலையில் ஊற்றுவதைப் பார்க்க எத்தனை குளிர்காலம் காத்திருந்தேன்! ஆத்திரம் பொங்கியது. தலைகளுக்கு நடுவே சிறிய இடைவெளி கிடைத்தது. அதன் வழியாகப் பார்த்தேன். தீப ஒளி, வேலின் நுனி, குருக்களின் கை. செம்புகளை ஒவ்வொன்றாக வாங்கிச் சாய்க்கிறார், சாய்த்துக்கொண்டே இருக்கிறார்.

எங்கள் செம்பின் கழுத்தில் அடையாளத்துக்கு மஞ்சள் நூல் கட்டியிருந்தேன். எல்லாச் செம்பிலும் மஞ்சள் நூல். எது எங்கள் செம்பு? இதுவா, அடுத்ததா, ஊற்றியாகிவிட்டதா? தெரியவில்லை. பால் நிற்காமல் வழிந்தது. முருகனின் நெற்றியில், தோளில், மார்பில், எல்லா வீட்டுப் பாலும் ஒன்றாகி அவன் திருவடியில் இறங்கியது. எனக்கு முன்னால் நின்ற பெண்ணும் எக்கி எக்கித் தேடிக்கொண்டிருந்தாள். அவள் மகள் தேறாத நோயிலிருந்து மீண்டவளாம். "அதோ, அது உங்கள் பாலாக இருக்கும்" என்று நான் அவளிடம் சொன்னேன். அவளும் அடுத்த செம்பைக் காட்டி என்னிடம் அதையே சொன்னாள். இருவரும் கையைப் பிடித்துக்கொண்டோம். ஒவ்வொரு செம்புக்கும் கும்பிட்டோம். பிறகு எதையும் தேடவில்லை. அவன் முகம் தெரிந்தது, முருகா. உன் முகத்தில் பால் வழிய, நீ சிரித்தாய். நான் பார்த்தேன்.

வெளியே வந்த பையன், நான் கேட்பதற்கு முன்பே, "அம்மா, பால் திரியவே இல்லை. துணியை அவிழ்த்தபோது நானே பார்த்தேன்" என்றான். அத்தனை வெயிலில், அத்தனை நேரம். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவனாக வந்து என்னிடம் சொன்ன நீளமான வாக்கியம் அது. அவன் கண்ணால் கண்டது போதும், நான் கண்டதாகவே வைத்துக்கொண்டேன்.

அத்தையால் படியேற முடியாது. முழங்கால் விட்டுவிட்டது. அடிவாரத்தில் மரத்தடி நாற்காலியில் விடியற்காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார். அவன் இறங்கியதும் நேராகப் போய் அவர் காலில் விழுந்தான். அத்தை முடிச்சை அவிழ்த்து அந்த ஒரு ரூபாயை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்து, "உண்டியலில் நீயே போட்டுவிட்டு வா" என்றார். மறுபடியும் அத்தனை படியும் ஏறிப் போனான். விசில் சத்தம் இல்லை. நான் காதைத் தீட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

பிறகு வாழையிலையில் ஏழு கறியும் ரசமும் பாயசமும். அவன் மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டான். அப்பா அலகு எடுத்த நாக்கோடு பாயசம் மட்டும் குடித்துவிட்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த ஆகஸ்ட் இரவில் எங்கள் பிள்ளைக்கு ஆக்சிஜன் வைத்த டாக்டருக்கும், காவடியைத் தாங்கிய குருசாமிக்கும், தண்ணீர் விட்ட அந்தத் தாய்க்கும், என் கையைப் பிடித்த பெண்ணுக்கும், ஏன், கயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னை விடாத அந்தத் தொண்டருக்கும் உன் அருள் குறைவில்லாமல் கிடைக்கட்டும், கந்தா. அத்தைக்கு நடக்கிற தெம்பு கொடு. சுவர்கள் ஈரமாகிற மாதம் இதோ வந்துவிடும், அப்போதும் எங்கள் வீட்டில் இரு. சின்னவளுக்குப் பழனியில் முடி இறக்குவதாகக் காரைக்காலில் என் அம்மா வேண்டிக்கொண்டது இன்னும் பாக்கி இருக்கிறது. மறக்கவில்லை, டிக்கெட்டுக்குப் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறோம். வருகிறோம், முருகா.