'அறிவர்' என்று முடிந்த நோக்கம்

எங்கள் இயற்பியல் துறையின் பாடத்திட்டத்தைத் திருத்தும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, கற்றல் நோக்கங்களைச் சீர்படுத்துவது சில மாலைகளில் முடிந்துவிடும் எழுத்து வேலை என்றே எண்ணினேன். முதலாமாண்டுச் செய்முறைத் தாளுக்கு "மாணவர்கள் அளவீட்டுப் பிழைகளை அறிவர்" என்று முன்பே எழுதி வைத்திருந்தோம். அதில் குறை இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை.

குறை தெரிந்தது ஒரு மாணவியின் செய்முறைப் பதிவேட்டில். தனி ஊசலின் நீளம் 1 மீட்டர், 20 அலைவுகளுக்கு 40.1 வினாடி, அவற்றிலிருந்து புவியீர்ப்பு முடுக்கத்தை 9.8204 என்று கணக்கிட்டிருந்தார். நிறுத்துக் கடிகாரத்தை அழுத்தும் விரல் 0.2 வினாடி பிந்தினாலே நேரத்தில் அரை விழுக்காடும், அலைவு நேரம் இருமடியாக வருவதால் விடையில் ஒரு விழுக்காடும் பிழை சேரும். ஆக, 9.8 ± 0.1 என்பதற்கு மேல் அந்தச் சோதனையால் சொல்ல முடியாது. அந்த 9.8204-க்கு முழு மதிப்பெண் அளித்திருந்தவன் நான்.

கல்வி உளவியலாளர் பெஞ்சமின் புளூம் குழுவினர் கற்றல் நோக்கங்களைப் படிநிலைகளாகப் பிரித்து 1956-இல் வெளியிட்ட வகைப்பாட்டை 2001-இல் திருத்தியவர்கள், அதன் படிநிலைகளை வினைச்சொற்களாக மாற்றியதன் காரணம் அன்றுதான் எனக்கு உறைத்தது. 'அறிவர்' என்பதைக் கண்ணால் பார்க்க முடியாது. பார்க்க முடியாததற்கு வினாத்தாளும் அமையாது. "தம் அளவீட்டின் பிழை வரம்பை மதிப்பிட்டு, விடையை அதற்கேற்ற முக்கிய எண்ணுருக்களுடன் எழுதுவர்" என்று நோக்கத்தை மாற்றினோம். அதைவிடக் கடினமாக இருந்தது மதிப்பெண் பங்கீடு. விடை, ஏற்கப்பட்ட மதிப்பான 9.8-க்கு அருகில் வந்தால்தான் சோதனை ஒழுங்காகச் செய்யப்பட்டதாகும் என்று மூத்த பேராசிரியர் ஒருவர் வாதிட்டார். அவர் கவலையில் நியாயம் இருந்ததால், செய்முறை ஒழுங்குக்கெனத் தனி மதிப்பெண் ஒதுக்கிவிட்டு, விடையின் அண்மைக்கு உரியதை நீக்கினோம்.

பிறகு ஒவ்வொரு நோக்கத்துக்கும் எதிரே அதைச் சோதிக்கும் வினாவை எழுதிப் பார்த்தோம். பல கட்டங்கள் வெறுமையாகவே இருந்தன. மூன்றாமாண்டு ஒளியியல் செய்முறை, பிழைக் கணக்கு முன்பே கைவந்துவிட்டது என்று கொண்டுதான் தொடங்கியது. எங்கே கைவந்தது என்று கேட்டால் காட்ட ஒரு தாளும் இல்லை.

அடுத்த ஆண்டு ஒரு பதிவேட்டில் 9.6 ± 0.1 என்ற விடையைக் கண்டேன். அதன் கீழே, "9.8 இந்த வரம்புக்குள் வரவில்லை, நீளத்தைக் குண்டின் மையம் வரை அளக்காமல் அதன் மேல்விளிம்போடு நிறுத்திவிட்டேன் என நினைக்கிறேன்" என்று பென்சிலில் எழுதியிருந்தது. பழைய பங்கீட்டில் அந்த மாணவருக்கு மதிப்பெண் குறைந்திருக்கும்.